தியானம் கற்றுத்தரும் மருத்துவப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கண்ணை மெதுவாக மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்" என்று வாரத்துக்கு நான்கைந்து முறை சொல்கிறோம். சொல்லும்போது நம் கண் கடிகாரத்தில் இருக்கிறது. யார் நெளிகிறார், யாருக்கு இருமல் வருகிறது, அடுத்து என்ன சொல்வது என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும், அது நம் வேலை. ஆனால் இரவில் "இன்று தியானம் செய்தேனா?" என்று யோசித்தால், காலையில் நடத்திய வகுப்பையும் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். மருத்துவர், செவிலியர், ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட் என யாராக இருந்தாலும், பிறருக்கு வழிகாட்டுபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

நடத்துவது வேறு, உட்காருவது வேறு. எனக்கு இது புரிய வெகுநாள் ஆனது. ஒருமுறை வகுப்பு முடிந்ததும் ஒரு அம்மா, "மனம் அலையும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பயிற்சிக் குறிப்பில் இருந்த பதில் வாயில் வந்தது. என் அனுபவமாகச் சொல்ல எதுவும் வரவில்லை. நான் தனியாக உட்கார்ந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய 8 வார மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில், கற்றுக்கொடுப்பவரும் தினமும் தியானம் செய்பவராக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். மனம் அலைந்து திரும்புவதைத் தானே பலமுறை பார்த்தவர் பேசினால், கேட்பவருக்கு அது தெரிந்துவிடும்.

அதே பயிற்சியில் வீட்டில் தினமும் சுமார் 45 நிமிடம் உட்காரச் சொல்வார்கள். இதைப் பார்த்துவிட்டு "அவ்வளவு நேரம் கிடைக்கும் நாளில் செய்துகொள்வோம்" என்று தள்ளிப்போடுவது அடுத்த தவறு. ஷிப்ட் வேலையில் அந்த நாள் வருவதே இல்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறோம்! உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, சானிடைசர் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். அந்த நேரம் முழுவதும் கவனத்தைக் கையிலேயே வைத்திருங்கள். தண்ணீரின் சூடு, விரலிடுக்கு, தரையில் பாதம். போன நோயாளியின் பேச்சு மனதில் ஓடினால், ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி கைக்கு வாருங்கள். அடுத்த அறைக்குள் போகும்போது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் மட்டும் தியானம் வேண்டாம், தூங்குங்கள். தூக்கத்துக்குப் பதிலாகத் தியானம் என்று ஒன்று கிடையாது.

நல்ல மனசுக்காரர்கள் செய்யும் ஒரு தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் வலியை நம் நெஞ்சில் வாங்கிக்கொள்வதே பரிவு என்று நினைக்கிறோம். தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகிய ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். பிறர் துன்பத்தை அப்படியே உணரப் பழகியவர்களுக்கு வேதனை கூடியது. அதன் பிறகு, துன்பப்படுபவர் நலமாக இருக்கட்டும் என்று வாழ்த்தும் பயிற்சியைச் செய்தபோது இதமான உணர்வு திரும்பியது. மூளையில் இரண்டுக்கும் வேறு வேறு பகுதிகள் இயங்கின. எனவே கனமான சந்திப்பு ஒன்று முடிந்ததும் அந்த வலியையே மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அவர் முகத்தை நினைத்து, "உங்கள் வலி குறையட்டும்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். அப்புறம் அதே வாழ்த்தை உங்களுக்கும் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம்.

எல்லோருக்கும் ஒரே வழிமுறையைக் கொடுப்பதும் வேண்டாம். அதிர்ச்சியான அனுபவம் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடினாலே பழைய காட்சி வரலாம். திடீர்ப் பதற்றம் வருபவர்களுக்கும் மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கூட்டலாம். கண் திறந்திருக்கலாம், பாதத்தையோ அறையின் ஓசையையோ கவனிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலனையும் மிகைப்படுத்தாதீர்கள். 47 ஆய்வுகளை அலசி 2014-இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானத்துக்கு மிதமான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிடத் தியானம் மேல் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று யாராவது கேட்டால், அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் சக ஊழியரிடம் "கொஞ்சம் தியானம் பண்ணுங்க" என்று சொல்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். பர்ன்அவுட், அதாவது வேலையால் வரும் கடும் சோர்வு, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய் வகைப்பாடு சொல்கிறது. அதாவது, காரணம் பணியிடத்தில் இருக்கிறது. ட்யூட்டி பட்டியலைத் திருத்தக் கேட்பதும், சாப்பாட்டு இடைவேளையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் தியானத்தோடு சேர்ந்தே நடக்க வேண்டியவை.

உடம்பைப் பற்றியும் ஒன்று. மருத்துவர்களின் ஜெனீவா உறுதிமொழியில் 2017-இல் ஒரு வரி சேர்த்தார்கள்: சிறந்த சிகிச்சை தருவதற்காக என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் கவனித்துக்கொள்வேன் என்று. இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தியான நேரத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள், உங்களுக்கு நீங்களே மருந்தும் எழுதிக்கொள்ளாதீர்கள். உங்களோடு வேலை செய்யாத ஒரு மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.