பறக்க முதல் ஒரு கோப்பை பெற்றோல்: தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்குப் போய் விமானம் ஓட்டப் பழகுகிறார்கள். தொடக்கத்திலேயே ஒளி புகும் சின்னக் கோப்பை ஒன்றைக் கையில் தந்து, தாங்கியிலிருந்து எரிபொருள் வடித்துப் பார்க்கச் சொல்வார்கள். அதை அவசரமாகச் செய்துவிட்டு ஓடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வீட்டில் ஒரு பரிசோதனை. அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் முற்றத்தில் செய்யுங்கள். கண்ணாடிப் போத்தலில் அரைவாசிக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்து, மூடிக் குலுக்குங்கள். கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கும். அப்படியே வைத்தால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் துளித்துளியாக இறங்கி அடியில் சேரும். போத்தலைச் சரித்தால் பாதரசம் போல உருண்டு ஓடும். விமானத் தாங்கிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒரு லீற்றர் விமானப் பெற்றோல் முக்கால் கிலோவுக்கும் குறைவு. தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே தண்ணீர் அடிக்குப் போகும். என்ஜினுக்கு எரிபொருள் போவதும் அடிப்பக்கத்திலிருந்துதான்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது? மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் ஒரு இரவு மழை போதும். அரைத் தாங்கியோடு விமானத்தை விட்டால், மேலே உள்ள வெற்றிடத்தின் ஈரக் காற்று இரவுக் குளிரில் பனித்து உள்ளே வடியும். அதனால், எடைக் கணக்கு இடம் கொடுத்தால், மாலையிலேயே தாங்கியை நிரப்பி விடுவது நல்லது.

சரி, விமானத்துக்கு வருவோம்.

1. காலையில் விமானத்தை நகர்த்த முதல் வடியுங்கள். நகர்த்தினால் அடியில் படிந்தது கலங்கிவிடும்.

2. கோப்பையின் ஊசியை வடிகால் வால்வில் வைத்து மேலே அழுத்துங்கள். நாலு சொட்டு போதாது, கோப்பையில் பாதியாவது வேண்டும். செஸ்னா 172 எஸ் என்ற சிறிய விமான வகையில் 13 வடிகால்கள் உண்டு: இறக்கை ஒன்றுக்கு ஐந்து, வயிற்றின் கீழ் மூன்று. பழைய 172களில் குறைவு. உங்கள் விமானத்துக்கு எத்தனை என்று கையேட்டில் பாருங்கள். ஒன்றையும் விட வேண்டாம்.

3. கோப்பையை வெள்ளைப் பின்னணியில் பிடியுங்கள். இறக்கையின் வெள்ளைப் பெயின்ற்றே போதும். சிறிய விமானங்களுக்கு வழக்கமான 100 எல்எல் பெற்றோல் இளநீலமாக இருக்கும். அடியில் ஒரு கோடோ குமிழோ தெரிந்தால் தண்ணீர். துரும்பு, துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. கோப்பை முழுவதும் தண்ணீராக இருந்தால் கோடு தெரியாது! பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். நானும் பழகுநர் நாட்களில், மழை பெய்த ஒரு காலை, அப்படி ஒரு கோப்பையைப் பார்த்து "நல்ல சுத்தம்" என்றேன். பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் மணந்து பார்க்கச் சொன்னார். பெற்றோல் மணமே இல்லை. அன்றிலிருந்து நிறம், மணம் இரண்டும் பார்க்காமல் விடுவதில்லை. சந்தேகம் தீராவிட்டால் கோப்பைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தனிக் குமிழாக அடிக்குப் போனால் உள்ளே இருப்பது எரிபொருள். கரைந்து காணாமல் போனால் அது தண்ணீர்.

4. தண்ணீர் வந்தால், சுத்தமாக வரும் வரை வடியுங்கள். இறக்கை நுனியை மெல்ல ஆட்டி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி வடியுங்கள். பிறகும் வந்துகொண்டே இருந்தால் அன்று பறப்பு இல்லை, பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். வடித்ததை நிலத்தில் ஊற்றாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது.

அடுத்தது, தவறான எரிபொருள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு உதைத்து, என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர். 72 போன்ற பயணிகள் விமானங்களுக்கான ஜெற் ஏ-1 எரிபொருள், மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. அதைப் பெற்றோலில் ஓடும் பிஸ்டன் என்ஜின் விமானத்தில் தவறுதலாக நிரப்பினாலும் தொடக்கம் இதே கதைதான், முடிவுதான் வேறு: குழாயில் மிச்சமிருக்கும் பெற்றோலில் என்ஜின் நன்றாக ஓடி, தரையை விட்டு எழுந்த பிறகே மோசம் செய்யும். முழு வேகத்தில் இந்த எரிபொருள் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும். அமெரிக்க விமானி பொப் ஹூவரின் விமானத்துக்கு இது நடந்தது. அவர் உயிர் தப்பினார். ஜெற் எரிபொருள் குழாய்க்கு, பெற்றோல் தாங்கியின் வாய்க்குள் நுழையாத அகன்ற முனை வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் எரிபொருள் நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள்: பெற்றோல் காய்ந்து மறையும், ஜெற் எரிபொருள் எண்ணெய் வட்டமாக நிற்கும். நிரப்பிய பிறகு கால் மணி நேரம் பொறுத்து, மறுபடியும் கோப்பையை எடுங்கள்.