பிள்ளையும் நகையும் ஒரே பேரத்தில்: பிரிகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் என் ஜூனியர், கணவனும் மனைவியும் சம்மதித்து விவாகரத்து கேட்கும் ஒரு கூட்டு மனுவின் வரைவைக் கொண்டுவந்தார். 'குழந்தை மனைவியிடம் இருக்கும். அதற்கு ஈடாக அவர் நகை, சீர்வரிசை, ஜீவனாம்சம் எதையும் இனிக் கோரமாட்டார்' என்று ஒரு பத்தி. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எழுதிய வரிதான் அது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள், வாயிதாவுக்கு ஒழுங்காக வாருங்கள் என்பதையெல்லாம் உங்கள் வக்கீலே சொல்லிவிடுவார். அதைத் தாண்டியவற்றை மட்டும் பார்ப்போம். நான் சொல்வது இந்தியச் சட்டம், பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகள்.

பிள்ளைக்கு விலையாக நகையை விடுவது

சமரசப் பேச்சில் யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: "பிள்ளை வேணுமா, நகை வேணுமா, ஒண்ணு சொல்லும்மா." எந்த அம்மாவும் பிள்ளை என்றுதான் சொல்வார். அங்கேயே கையெழுத்தும் ஆகிவிடும். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது அந்தக் கேள்வியின் மேல்தான். அந்த இரண்டுமே எதிர்த்தரப்பு பார்த்துக் கொடுக்கும் சலுகை அல்ல.

நகை அந்தப் பெண்ணுடையது. பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: சீதனம், அதாவது பெண்ணுக்கென்று கொடுத்த நகையும் பொருட்களும், மனைவிக்கு மட்டுமே சொந்தம். கணவர் வீட்டில் அது இருந்தால், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றுதான் கணக்கு. திருப்பித் தராமல் அமுக்கிக்கொண்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம்.

பிள்ளை விஷயத்தைப் பிள்ளையின் நலனை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் வெறும் உடைமைகள் அல்ல, பெற்றோரின் விளையாட்டுப் பொருட்களும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-ல் சொன்னது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது. பிள்ளை யாரிடம் இருக்கும் என்ற கஸ்டடி உத்தரவு எதுவும் நிரந்தரமல்ல. சூழ்நிலை மாறினால் அதையும் மாற்றலாம்.

இப்போது பேரத்தைப் பாருங்கள். எழுதிக் கொடுத்த நகையைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு. அதைக் கொடுத்து வாங்கிய கஸ்டடி உத்தரவோ நாளைக்கே மறுபடி வழக்குக்கு வரலாம்.

என்னிடம் வந்த ஒரு பெண் இப்படித்தான் எல்லா நகையையும் விட்டுக்கொடுத்து மகனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அப்புறம் வேலைக்காக ஊர் மாறினார். பையனின் பள்ளியும் மாறியது. அதைக் காட்டி அப்பா கஸ்டடி கேட்டு மனு போட்டார். "நகையை வாங்கிக்கிட்டுத்தானே விட்டார், இப்ப எப்படிக் கேக்கலாம்?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். கேட்கலாம், சட்டத்தில் தடை இல்லை. பையன் கடைசியில் அம்மாவிடமே இருந்தான். ஆனால் வழக்கை நடத்த அவர் கடன் வாங்க வேண்டியிருந்தது. அடகு வைக்க ஒரு வளையல்கூடக் கையில் இல்லை.

பிள்ளைக்கான ஜீவனாம்சமும் இப்படித்தான். அது பிள்ளையின் உரிமை. வேண்டாம் என்று அம்மா கையெழுத்துப் போட்டாலும் பிள்ளையை அது கட்டுப்படுத்தாது.

ஒப்பந்தம் எழுதும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நகைக்கு ஒரு பட்டியல்: பொருள், எடை, யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் வரும். பிள்ளைக்கு வேறொரு பகுதி: யாரோடு இருக்கும், விடுமுறை எப்படி, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, வீடியோ அழைப்பு எந்த நேரம். 'அதற்கு ஈடாக' என்று எங்கே வந்தாலும் அடிக்கச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன்பே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதுவது

எடை போடுங்கள், வாங்குங்கள், அப்புறம் கையெழுத்து.

பில் இல்லை என்று நகையை மறந்துவிடுவது

கல்யாண நகைக்கு எல்லா பில்லும் வைத்திருப்பவர் யார்? கேரளத்தில் மாயா கோபிநாதன் என்பவர் 89 பவுன் கேட்டு வழக்குப் போட்டார். பத்திரமாக வைக்கிறேன் என்று கல்யாண இரவே கணவர் நகைகளை வாங்கித் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டார் என்பது அவர் புகார். உயர் நீதிமன்றம் ஆதாரம் போதாது என்றது. 2024-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இது குற்ற வழக்கு அல்ல, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது.

ஆகவே கல்யாண ஆல்பம், லாக்கர் பதிவு, அடகு ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். விவாகரத்து இல்லாமல் தனித்து வாழ அனுமதிக்கும் நீதிமன்றப் பிரிவுத் தீர்ப்பு வந்த பிறகும் சீதனம் கேட்கலாம் என்று 2015-ல் கிருஷ்ணா பட்டாச்சார்ஜி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போவது

காப்பாளர் சட்டம் 1890-ன் 9-வது பிரிவின்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் கஸ்டடி மனு. திடீரென்று ஊரை மாற்றினால், எந்த நீதிமன்றம் என்ற சண்டையிலேயே மாதங்கள் போகும். 5 வயது வரை அம்மாவிடம் என்பது பொதுவான நிலைதான். அதை நம்பி அவசரப்பட வேண்டாம். வன்முறைக்குத் தப்பி வெளியேறுவது வேறு. அப்படி வந்தால் உடனே மனுப் போட்டு அதைப் பதிவு செய்யுங்கள்.

பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பது

வேண்டாம். பணத்துக்கு, உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு இருக்கிறது.

கல்யாணம் ஆகாததால் உரிமை இல்லை என்று நினைப்பது

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் திருமணம் போன்ற உறவையும் சேர்த்துக்கொள்கிறது. பெண்ணின் பொருட்களைத் தராமல் வைத்திருப்பதும் அதில் பொருளாதார வன்முறை. பொருட்களைத் திருப்பித் தரவும், குழந்தையைத் தற்காலிகமாக ஒப்படைக்கவும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஆனால் சேர்ந்திருந்த எல்லா உறவும் இதில் வராது. 2010-ல் வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் வைத்தது: கணவன் மனைவி போல ஊரறிய, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், இருவரும் மணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிப் படிவம், சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்கு இவற்றின் நகல்களை வீட்டைவிட்டு வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.