பெட் ஸ்கேனுக்குத் தயாராகும் முறை

பெட் ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைவிட அதன் செயல்பாட்டையே காட்டுகிறது. பல புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சுவதால், கதிரியக்கமுள்ள ஃபுளோரின்-18 இணைக்கப்பட்ட, குளுக்கோஸை ஒத்த மருந்தை ரத்தக்குழாய் வழியே செலுத்துகிறார்கள். அது வெளியிடும் பாசிட்ரான் (எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) எலக்ட்ரானுடன் இணைந்து அழியும்போது எதிரெதிர்த் திசைகளில் பாயும் இரு காமா கதிர்களைப் பதிவு செய்து, அவை கிளம்பிய இடத்தைக் கருவி கணக்கிடுகிறது.

அந்த மருந்தைத் தசைகள் இழுத்துக்கொள்ளாதிருக்க, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சியைத் தவிர்த்து, ஸ்கேனுக்கு முன் சுமார் 6 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உட்கொள்ளாமல் இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின், மாத்திரைகள் பற்றி முன்பதிவின்போதே கேட்டுவிடுவது மிக அவசியம். இன்சுலின் போட்ட உடனே வந்தால் மருந்து தசைகளுக்குப் போய்விடும், ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமைத் தாண்டினால் பல மையங்களில் தேதியையே மாற்றிவிடுவார்கள். ஊசிக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போர்வை போர்த்திப் பேசாமல் படுத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பேசினால் தொண்டைத் தசைகளும், குளிர்ந்தால் கழுத்தருகேயுள்ள, உடலுக்கு வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பும் ஒளிர்ந்து படத்தைக் குழப்பும்.

கட்டி சுருங்கும் முன்பே சிகிச்சை பலிக்கிறதா என்று பல வேளைகளில் அறிய முடிவதே இதன் பெரும் பயன். ஆனால் காசநோயும் அழற்சியும்கூட ஒளிரும் என்பதால், ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். பயாப்சியே (திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) உறுதி செய்யும். மிகச் சிறிய கட்டிகள் தப்பிவிடலாம், செலவும் அதிகம். கர்ப்பம், தாய்ப்பால் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்தின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 110 நிமிடங்களே; அன்று நிறையத் தண்ணீர் குடித்து, கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சில மணி நேரம் நெருங்காதிருங்கள்.