சம்பளமில்லாத வேலை அனுபவம்: பட்டம் வாங்கிய கையோடு செய்துவிடும் தவறுகள்

கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு அறிவிப்பு சுற்ற ஆரம்பித்துவிடும்: "ஃப்ரெஷர்ஸ் தேவை. முதல் மூன்று மாதம் ட்ரெயினிங், சம்பளம் கிடையாது. அதன்பிறகு பெர்ஃபார்மன்ஸ் பார்த்து வேலை உறுதி." கேம்பஸில் வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கு இதைப் பார்த்ததும் மூச்சு வரும். வீட்டில் சும்மா இருக்கிறான், இருக்கிறாள் என்ற பேச்சு அடங்கும். ரெஸ்யூமேயில் ஒரு வரி ஏறும். அந்த ஆறுதலில் விசாரிக்காமல் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

சம்பளமில்லாத வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஒருவரிடம் இரண்டு மாதம் இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு மேலே வந்தவர்கள் உண்டு. ஆனால் உங்களுக்குச் சம்பளம் வராத ஒவ்வொரு மாதத்துக்கும் யாரோ செலவு செய்கிறார்கள், பெரும்பாலும் அப்பாவும் அம்மாவும். ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டும்போது எப்படி விசாரிப்போமோ அப்படி விசாரிக்க வேண்டும்: எவ்வளவு செலவு, எத்தனை நாள், கடைசியில் கையில் என்ன இருக்கும்.

செலவைக் கணக்குப் போடாமல் கிளம்புவது

"சம்பளம்தானே இல்லை, நஷ்டம் ஒன்றும் இல்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து தங்கினால் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் ஏழெட்டாயிரம் போகும். மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்யும் மாதப் பாஸ் 1,000 ரூபாய். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் விடியல் பயணம் இருப்பதால் அந்தச் செலவு குறையும். போன் ரீசார்ஜ், ஊருக்குப் போய்வருவது, உடம்புக்கு முடியாமல் போனால் மருந்து என்று சேர்த்தால் மாதம் பத்தாயிரத்துக்குக் குறையாது. மூன்று மாதத்தில் முப்பதாயிரம். ஆறு மாதம் என்று இழுத்தால் அறுபதாயிரம்.

கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்கள் இன்னொரு தேதியையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான வங்கிகளில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் இலவசமாக வேலை செய்து, அடுத்த நாலைந்து மாதம் வேலை தேடினால் முதல் சம்பளம் வரும் நேரத்திலேயே முதல் தவணையும் வந்து நிற்கும். கடன் பத்திரத்தை எடுத்து அந்தத் தேதியைப் பார்த்த பிறகு இன்டர்ன்ஷிப் பற்றி யோசியுங்கள்.

கற்றுக்கொடுக்கிறார்களா, வேலை வாங்குகிறார்களா என்று பார்க்காமல் இருப்பது

எனக்குத் தெரிந்த ஒரு பெண், திருவண்ணாமலைப் பக்கம் ஊர், பி.எஸ்சி. கணினி அறிவியல். சென்னையில் சின்ன டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் ஒன்றில் சம்பளமில்லாமல் சேர்ந்தார். முதல் வாரம் கான்வாவில் போஸ்டர் செய்வது எப்படி என்று காட்டினார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு நகைக்கடை, ஒரு பல் மருத்துவமனை, இரண்டு பிரியாணிக் கடைகள், இவற்றின் இன்ஸ்டாகிராம் பக்கங்கள் மொத்தமும் அவர் தலையில். ஆடித் தள்ளுபடி நேரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு "விலையை மட்டும் மாத்தி அனுப்பும்மா" என்று மெசேஜ் வரும். அனுப்புவார். கடைக்காரர்கள் மாதாமாதம் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாம் மாதம் முடிந்தபோது அவர் செய்த போஸ்டர்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட எதிரில் உட்காரவைத்து, இந்த எழுத்து ஏன் இங்கே எடுபடவில்லை, இந்த நிறம் ஏன் கண்ணை உறுத்துகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. விளம்பரத்துக்கு எவ்வளவு செலவானது, எத்தனை பேர் பார்த்துக் கடைக்கு வந்தார்கள் என்ற கணக்கு இருக்கும் பக்கத்தை அவருக்குத் திறந்தே காட்டவில்லை. அடுத்த நிறுவனத்தின் இன்டர்வியூவில் கேட்டது அந்தக் கணக்கைத்தான்.

சேர்ந்த இரண்டாவது வாரத்தில் உங்களையே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். நாளைக்கு நான் வராவிட்டால் இங்கே ஏதாவது வேலை நிற்குமா? நான் செய்ததைப் பார்த்துத் தப்பு எது, சரி எது என்று சொல்ல ஒருவர் நேரம் ஒதுக்குகிறாரா? முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்றால், நீங்கள் அங்கே ஊழியர். ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும். உங்கள் வேலைக்கு வாடிக்கையாளரிடம் பில் போடும் நிறுவனம், உங்களுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சொல்வதை ஏற்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலிருந்தே செய்யும் இன்டர்ன்ஷிப்பில் செலவு குறைவுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதில் குறைவு. கூகுள் ஷீட்டில் வேலையைப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிற இடங்கள் நிறைய.

ஸ்டைபண்ட் தரும் வழிகளைத் தேடாமலே விடுவது

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பழகும் காலத்திலேயே ஸ்டைபண்ட், அதாவது மாத உதவித்தொகை, வாங்க ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டு அப்ரன்டிஸாக, அதாவது தொழில் பழகுநராகச் சேரலாம். மத்திய கல்வி அமைச்சகம் நடத்தும் 'நாட்ஸ்' (தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தென் மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கும் இடம் உண்டு. 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரி அப்ரன்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் ஸ்டைபண்ட் என்று நிர்ணயித்தன. அதில் பாதியை அரசு நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவை இந்த வழியில் ஆள் எடுக்கின்றன. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரன்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே, சம்பளம் தர முடியாது என்று சொல்லும் ஹெச்.ஆரிடம், "சார், நாட்ஸ் மூலமா அப்ரன்டிஸா எடுத்துக்க முடியுமா? பாதி ஸ்டைபண்ட் கவர்ன்மென்ட்டே குடுக்குதே" என்று கேட்டுப் பார்க்கலாம். சின்ன நிறுவனங்கள் பலவற்றுக்கு இது தெரியாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர் பட்டதாரி அப்ரன்டிஸாகச் சேர முடியாது. எங்கோ ஒரு வருடம் இலவசமாக வேலை செய்து அனுபவச் சான்றிதழ் வாங்கி வைத்தால், ஸ்டைபண்டோடு பழகும் வாய்ப்பை அதே சான்றிதழ் அடைத்துவிடும்.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் 21 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 5,000 ரூபாயும் ஒருமுறை உதவித்தொகையாக 6,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் அப்போதைய தகுதி விதிகளைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திறன் பயிற்சி மட்டும் போதும் என்பவர்களுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது.

சில துறைகளில் விதியே தனி. சி.ஏ. படிப்பவர்கள் ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப்புக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்டை, அந்தப் படிப்பை நடத்தும் இன்ஸ்டிடியூட்டே நிர்ணயிக்கிறது. சட்டம் படித்தவர்கள் சீனியரிடம் ஜூனியராகச் சேரும்போது "மொதல்ல தொழில் கத்துக்கோ" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே பழகிவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தரச் செய்ய வேண்டும் என்று வழக்கறிஞர்களின் அமைப்பான பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எல்லா சீனியர்களும் அப்படித் தந்துவிடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு ஜூனியர் தலைநிமிர்ந்து கேட்க அது பலம்.

வாய்வார்த்தையை நம்புவது

"மூணு மாசம் பாரு, அப்புறம் பண்ணிக்கலாம்" என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஆஃபர் லெட்டர் தராவிட்டாலும் ஒரு மெயிலாவது கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, என்ன வேலை, யாரிடம் பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், முடிந்ததும் வேலை தருவார்களா, தந்தால் சம்பளம் எவ்வளவு. அவர்கள் எழுதாவிட்டால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். 'பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்து ஸ்டைபண்ட்' என்று மட்டும் இருந்தால், எந்த அளவுக்குச் செய்தால் எவ்வளவு என்று கேளுங்கள்.

சான்றிதழிலும் இதே கவனம் வேண்டும். வேலையின் பெயர், தேதிகள், செய்த பணி எதுவும் இல்லாமல் "எங்களோடு பணியாற்றினார், வாழ்த்துகிறோம்" என்று ஒரு வரியில் முடிக்கும் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கடிதத்தால் பெரிய பயன் இல்லை. பெரிய நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். பதிவு, வங்கிக் கணக்கில் வந்த சம்பளம் இவற்றைத்தான் பார்க்கின்றன. சம்பளமே வராத மாதங்களுக்கு அந்தத் தடயம் இருக்காது. அதனால் ரெஸ்யூமேயில் அதை இன்டர்ன்ஷிப் என்றே எழுதுங்கள். 'ஆறு மாத அனுபவம்' என்று வேலைக் கணக்கில் சேர்த்துவிட்டுச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பணம் கட்டுவது, ஒரிஜினலைக் கொடுப்பது

பயிற்சிக்கு டெபாசிட், லேப்டாப்புக்கு அட்வான்ஸ், 'ரீஃபண்டபிள்' என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் எந்த நிறுவனத்திலும் விட்டுவைக்க வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம், நகல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அவர்களுக்குத் தேவை இல்லை. சம்பளமே தராமல் ஒரு வருட பாண்டில் கையெழுத்து கேட்பவரிடம் பேச ஒன்றும் இல்லை.

சேர்ந்ததும் வேலை தேடுவதை நிறுத்திவிடுவது

'கேப்' விழுந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் கிடைத்த இடத்தில் போய் உட்காருகிறார்கள். புதிதாகப் படித்து முடித்தவருக்கு மூன்று, நான்கு மாத இடைவெளி ஒரு குறையே இல்லை. உண்மையில் வேகமாகக் கரைவது வேறொன்று. ஆஃப் கேம்பஸ் டிரைவ் அறிவிப்புகளைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் எந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்கள் வரலாம் என்று போட்டிருக்கும். அடுத்த பேட்ச் வெளியே வந்துவிட்டால் உங்களுக்கான கதவுகள் ஒவ்வொன்றாகக் குறையும். அந்த முதல் வருடத்தை, காலை ஒன்பதரைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் இலவச வேலையில் கழித்தால், டிரைவுக்குப் போக லீவும் கிடைக்காது, ஆப்டிட்யூட் போட்டுப் பார்க்கத் தெம்பும் இருக்காது.

சேரும்போதே சொல்லிவிடுங்கள்: "சார், இன்டர்வியூ வந்தா அன்னைக்கு லீவு வேணும். சம்பளம் இல்லாததால வாரத்துல நாலு நாள் வர்றேன்." இதற்கு ஒப்புக்கொள்ளும் இடம் உங்கள் நிலைமை புரிந்த இடம். கோபப்படும் இடத்தைப் பற்றியும் முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

காலக்கெடுவை நீங்களே வையுங்கள், இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று. காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே மெயிலில் கேளுங்கள்: வேலை உண்டா, சம்பளம் எவ்வளவு, எப்போதிலிருந்து. "இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம்" என்று பதில் வந்தால், அந்த ஒரு மாதத்துக்கு ஸ்டைபண்ட் கேளுங்கள். தராவிட்டால் கிளம்பிவிடுங்கள். கிளம்பும் முன், நீங்கள் செய்த வேலைகளில் வெளியே காட்ட அனுமதி உள்ளவை எவை என்று மெயிலில் கேட்டு, அவற்றின் நகலைச் சொந்த கூகுள் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். தேதியும் பணியும் போட்ட சான்றிதழை, கடைசி நாளன்றே நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்குங்கள். அப்புறம் அனுப்புகிறோம் என்பதற்கு ஒத்துக்கொண்டால் அதற்காகப் பலமுறை நடக்க வேண்டிவரும்.