பழைய அணியின் லோகோவைக் கணினியில் மீட்கும்போது தவிர்க்க வேண்டியவை

பழைய விளையாட்டு அணியின் லோகோவைக் கணினியில் மறுபடி வரைந்து மீட்கிறேன் என்று ஆசையோடு பலர் இறங்குகிறார்கள். கடைசியில் கைக்கு வருவது பெரும்பாலும் வேறொரு லோகோ. எங்கே கோட்டை விடுகிறோம் என்று புரிந்துகொள்ள ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் சின்னம் அருமையான பாடம்.

வேலர்ஸ், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஐஸ் ஹாக்கி அணி. 1979ல் அது வட அமெரிக்காவின் முன்னணி ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் சேர்ந்தபோது வடிவமைப்பாளர் பீட்டர் குட் இந்தச் சின்னத்தை வரைந்தார். வேலர்ஸ் என்றால் திமிங்கல வேட்டைக்காரர்கள். கீழே பச்சையில் அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்து டபிள்யூ. மேலே நீலத்தில் திமிங்கலத்தின் வால். இரண்டுக்கும் நடுவில் விட்ட வெள்ளை இடம்தான் ஹார்ட்ஃபோர்டின் எச். அந்த எழுத்துக்கென்று தனிக் கோடே கிடையாது. 1997ல் அணி இடம் மாறி கரோலினா ஹரிகேன்ஸ் ஆகிவிட்டது. ஆனாலும் இந்தச் சின்னத்தை ரசிகர்கள் விடவில்லை.

முதல் தவறு, இணையத்தில் கண்ணில் பட்ட படத்தை மூலமாக வைத்துக்கொள்வது. அது நகலின் நகலாக இருக்கலாம். ஜெர்சியில் தைத்த சின்னத்தையும் அளவெடுக்க நம்பக் கூடாது. நூலின் தடிமன் கூர்முனைகளை மழுக்கிவிடும், இடைவெளியைக் குறுக்கிவிடும். அணியின் லெட்டர்ஹெட், ஆட்ட நாளில் விற்ற புத்தகம், ஆண்டு மலர் என்று அச்சில் வந்ததைத் தேடுங்கள். இரண்டு மூன்று பிரதிகளை ஒப்பிட்டால்தான் எது வடிவமைப்பு, எது அச்சில் நேர்ந்த கோளாறு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

சின்னம் சிறியதாக இருந்தால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் போதாது. 1200 வரை போகலாம். ஸ்கேனர் தானாகச் செய்யும் ஷார்ப்பனிங் (விளிம்பைக் கூராக்குவது), வண்ணத் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள்.

அப்புறம் ஆட்டோ டிரேஸ், அதாவது படத்தின் விளிம்புகளை மென்பொருளே கோடாக வரைந்துகொள்வது. இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருள்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெக்டர் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவம்) வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பழைய அச்சில் வண்ணம் என்பது நுண்புள்ளிகளின் கூட்டம். மென்பொருளுக்கு அந்தப் புள்ளியும் ஒன்றுதான், சின்னத்தின் விளிம்பும் ஒன்றுதான். வாலின் ஒரே வளைவை நாலைந்து நோட் (கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளி) வைத்துக் கையால் வரைந்துவிடலாம். டிரேஸ் அதற்கு ஏகப்பட்ட நோட் போட்டு விளிம்பை நடுங்க வைக்கும். மென்பொருளின் வரையும் கருவியான பென் டூலை எடுத்து நீங்களே வரையுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

வரையும்போது அதிகம் கவனிக்க வேண்டியது அந்த வெள்ளை எச் எழுத்தைத்தான். அதன் உள்மூலை ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சு மை காகிதத்தில் கொஞ்சம் ஊறிப் பரவும். இங்கே பச்சை ஒரு பக்கமிருந்தும் நீலம் மறுபக்கமிருந்தும் பரவுவதால், நடுவிலுள்ள வெள்ளை மெலிந்து மூலைகள் உருண்டிருக்கும். ஸ்கேனில் தெரிகிற விளிம்பை அப்படியே பிடித்தால் நோஞ்சான் எச் ஒன்று கிடைக்கும். பெரிய அளவில் அச்சான பிரதியில் இந்தப் பரவல் விகிதத்தில் குறைவு என்பதால் இடைவெளியின் அகலத்தை அங்கே அளப்பதே சரி. எடுப்பாகத் தெரியட்டும் என்று டபிள்யூவைச் சுற்றி ஒரு கோடு இழுப்பவர்களும் உண்டு. அந்தக் கோடு தின்பது எச் எழுத்தின் இடத்தை. முடித்த பிறகு ஒரே கறுப்பு வண்ணத்தில் விரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எச் அப்போதும் கண்ணில் படவேண்டும்.

இடமும் வலமும் ஒத்திருக்கும் இந்தச் சின்னத்தில் பாதியை வரைந்து புரட்டிப் போடலாம். கையால் மை தீட்டிய விலங்கு முகம், வீரர் உருவம் போன்ற லோகோக்களில் அதைச் செய்யவே கூடாது. அங்கே கோணலும் ஓவியரின் கைவண்ணம்.

வண்ணத்தில் செய்யும் தவறு சட்டென்று தெரியாது. ஸ்கேனில் ஐட்ராப்பரை (படத்திலிருந்து நிறத்தை எடுக்கும் கருவி) வைத்து எடுத்தால் வருவது மங்கிய மையும் பழுத்த காகிதமும் சேர்ந்த நிறம். நான்கு வண்ண அச்சில் பச்சை என்பது சயான் என்னும் நீல மையும் மஞ்சளும் கலந்தது. வெயில் பட்டால் மஞ்சள் முன்னதாக வெளுத்துவிடும், பச்சையில் நீலம் தூக்கலாகத் தெரியும். இரண்டு நிறத்தின் வேறுபாட்டையே நம்பியிருக்கும் சின்னத்துக்கு இது பெரிய நஷ்டம். வெளிச்சம் படாத உள்பக்கத்தில் அச்சானதைப் பாருங்கள். முடிவு செய்த நிறத்தை பேன்டோன் அட்டையோடு (ஒவ்வொரு நிறத்துக்கும் எண் கொடுத்த மாதிரி அட்டை) ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். காலங்களையும் கலக்காதீர்கள். 1992ல் வேலர்ஸின் நீலம் அடர்ந்தது, சாம்பலும் சேர்ந்தது. 1979ன் நீலத்தோடு அந்தச் சாம்பலைச் சேர்த்தால் அணி என்றுமே அணியாத ஒன்றை வரைந்தவராகிவிடுவீர்கள்.

அணி போய்விட்டதால் லோகோ பொதுச்சொத்து ஆகிவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. வேலர்ஸ் சின்னத்தின் உரிமை ஹரிகேன்ஸ் கையில் இருக்கிறது. 2018 டிசம்பரில் அவர்களே வேலர்ஸ் ஜெர்சியோடு களமிறங்கினார்கள். ஆசைக்கு வரைந்து பழகுவது வேறு. டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பதற்கு முன் உரிமம் வேண்டும்.