நொதியில் உலோகத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்

கேட்டலேஸுக்கு இரும்பு, யூரியேஸுக்கு நிக்கல், கார்பானிக் அன்ஹைட்ரேஸுக்குத் துத்தநாகம் என்று ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்வோம், இல்லையா? மார்க் வாங்க அது போதும், நொதி எப்படி வேலை செய்கிறது என்று புரிய அது உதவாது.

ஹீமையே எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் இரும்பைப் பிடித்திருக்கும் வளைய வடிவ மூலக்கூறு அது. ஹீமோகுளோபின், கேட்டலேஸ், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியான பி450 மூன்றிலும் அதே ஹீம், நடுவில் அதே இரும்பு. ஆனால் முதலாவது (அது நொதியே இல்லை என்பது வேறு கதை) ஆக்சிஜனைச் சுமக்கிறது, இரண்டாவது ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கிறது, மூன்றாவது ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளந்து ஒரு அணுவை மருந்துக்குள் செருகுகிறது. இரும்பைப் புரதத்தோடு பிணைக்கும் அமினோ அமிலம் வரிசையாக ஹிஸ்டிடின், டைரோசின், சிஸ்டீன். உடனே இதைச் சூத்திரமாக்கிவிடவும் கூடாது! பெராக்சிடேஸ் என்ற நொதியிலும் ஹிஸ்டிடின்தான், ஆனால் அதன் பக்கத்தில் நிற்கும் அஸ்பார்டேட்டும் ஹீமின் மறுபக்கத்து அமினோ அமிலங்களும் சேர்ந்து கதையை மாற்றிவிடுகின்றன.

உலோகம் என்றாலே எலக்ட்ரான் பரிமாற்றம் என்று நினைப்பது அடுத்த தவறு. துத்தநாகம் கடைசிவரை 2+ மின்னூட்டத்தில்தான் இருக்கும். கார்பானிக் அன்ஹைட்ரேஸில் மூன்று ஹிஸ்டிடின்கள் அதைப் பிடித்திருக்க, நான்காவது இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு. துத்தநாகம் இழுக்கிற இழுப்பில் அந்த நீரின் பி.கே.ஏ (புரோட்டானை எவ்வளவு எளிதில் விடும் என்பதன் அளவு, குறைந்தால் எளிது) சுமார் 7க்கு இறங்கிவிடும், உடலின் சாதாரண பி.எச்.சிலேயே ஹைட்ராக்சைடு தயார், அது கார்பன் டை ஆக்சைடைத் தாக்கும். விநாடிக்குச் சுமார் 10 லட்சம் மூலக்கூறுகள்! இந்த வேகத்துக்கு, துத்தநாகத்தைத் தொடாமல் தள்ளி நின்று புரோட்டானை வெளியே கடத்தும் ஹிஸ்டிடினும் (புரதச் சங்கிலியின் 64ஆவது அமினோ அமிலம்) வேண்டும்.

அப்புறம், உலோகம் இருக்கும் இடமெல்லாம் வினை மையம் இல்லை. குதிரைக் கல்லீரலின் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸில் ஒவ்வொரு துணை அலகிலும் இரண்டு துத்தநாகங்கள். வினை செய்வது ஒன்றுதான், நான்கு சிஸ்டீன்கள் சூழ்ந்த மற்றொன்று புரதத்தின் மடிப்பைத் தாங்கத்தான். எனவே உலோகத்தைப் பிடுங்கிவிடும் ஈ.டி.டி.ஏ என்ற வேதிப்பொருளைப் போட்டதும் செயல்பாடு போய்விட்டது என்பதை மட்டும் வைத்து அந்த உலோகம்தான் வினை செய்கிறது என்று எழுதாதீர்கள்.

எக்ஸ் கதிரால் கண்டறியும் படிக அமைப்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எக்ஸ் கதிர் படும்போதே இரும்பும் தாமிரமும் எலக்ட்ரானை ஏற்று ஒடுக்கம் அடையலாம், அதனால் நொதி ஒளியை உறிஞ்சும் விதத்தைக் காட்டும் நிறமாலையோடு ஒப்பிடுங்கள். துத்தநாகத்துக்கு நிறமே கிடையாது, அதனால் நிறமுள்ள கோபால்ட்டை அதன் இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள், நொதியும் ஓரளவு வேலை செய்யும்.