பருத்தி நூல் விலைப் போக்கு மாறிவிட்டதா? எக்செல்லில் கண்டுபிடிக்கும் முறை

2022 மே மாதம் ஒரு கண்டி பருத்தி (356 கிலோ) ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது, திருப்பூரில் விலையேற்றம் தெரியாதவர் இல்லை. ஆனால் போக்கு மாறியது அதற்கு வெகு முன்பே. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் 'இவ்வளவுதானே' என்று விட்டுவிடுவோம். அந்தக் கொஞ்சங்களைக் கூட்டிக்கொண்டே போகும் முறைதான் கியூசம். தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்காக ஈ. எஸ். பேஜ் 1954-ல் முன்வைத்தது.

படி 1: விலைகளைச் சேருங்கள். ஒரே நம்பர் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) நூல், ஒரே ரகம், மாதம் ஒரு விலை. ஜிஎஸ்டி சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் கலக்க வேண்டாம். சொந்தக் கணக்கு இல்லையென்றால் மத்திய அரசின் மொத்த விலைக் குறியீட்டை எடுக்கலாம். அதில் 2004-05, 2011-12 என அடிப்படை ஆண்டு (விலையை 100 என்று வைத்துக்கொள்ளும் ஆண்டு) மாறியிருக்கும். இரண்டு தொடர்களை அப்படியே ஒட்டினால் இல்லாத திருப்பம் தெரியும். முதலில் வருவது தற்காலிக எண் என்பதால், பழைய மாதங்களையும் அவ்வப்போது புதுப்பியுங்கள்.

படி 2: விலையை விட்டுவிட்டு, முந்தைய மாதத்தைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று கணக்கிடுங்கள்.

படி 3: விலை பெரிதாக ஆடாத ஓராண்டு, முடிந்தால் இரண்டாண்டு மாற்றங்களுக்குச் சராசரியும் திட்டவிலக்கமும் (மாற்றங்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) காணுங்கள். எக்செல்லில் ஆவரேஜ், எஸ்டிடெவ் போதும். எந்தக் காலத்தை எடுப்பது என்பதை மட்டும் எக்செல் சொல்லாது. சந்தை தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

படி 4: கூட்டுங்கள். கற்பனை எண்களில் பார்ப்போம். சராசரி 0.5, திட்டவிலக்கம் 1. சின்னச் சலசலப்பைத் தள்ளிவிட, திட்டவிலக்கத்தில் பாதியை (0.5) சராசரியோடு சேர்த்தால் 1. ஒவ்வொரு மாத மாற்றத்திலும் இந்த 1-ஐக் கழித்து, முந்தைய கூட்டலோடு சேருங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியம்தான்.

மாற்றங்கள்: 0.4, 1.2, 2.5, 1.8, 2.9.
கூட்டல்: 0, 0.2, 1.7, 2.5, 4.4.

எச்சரிக்கைக் கோடு திட்டவிலக்கத்தின் 4 மடங்கு, அதாவது 4. ஐந்தாம் மாதம் அதைத் தாண்டிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த மாதமும் வழக்கமான மூன்று திட்டவிலக்க எல்லையை (சராசரி 0.5 + 3 = 3.5) தொடவே இல்லை, கவனியுங்கள்!

படி 5: எப்போது தொடங்கியது? கூட்டல் கடைசியாகப் பூஜ்ஜியமாக இருந்தது முதல் மாதம். ஆக, ஏற்றம் ஏறத்தாழ இரண்டாம் மாதமே தொடங்கிவிட்டது.

பொய் எச்சரிக்கை அதிகம் வந்தால் கோட்டை 5 மடங்குக்கு ஏற்றுங்கள். கொஞ்சம் தாமதமாகத்தான் பிடிக்கும். இறக்கத்துக்குத் தனியாக ஒரு நெடுவரிசை போடுங்கள்: சராசரியிலிருந்து 0.5-ஐயும் மாத மாற்றத்தையும் கழித்து, மேலே சொன்னபடியே கூட்டினால் சரி.